விருது வேறு, அங்கீகாரம் வேறு: சமூகப் பணியை அரசு ஒரு தொழிலாக ஏற்பது என்றால் என்ன?

ஒவ்வோர் ஆண்டும் குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் பத்ம விருதுப் பட்டியல் வெளியாகும். கலை, இலக்கியம், மருத்துவம், விளையாட்டு என்று துறைவாரியாகப் பெயர்கள் வரும். அதில் சமூகப் பணி என்றும் ஒரு துறை உண்டு. 2019-இல் அந்தத் துறையில் பத்மஸ்ரீ பெற்றவர்களில் ஒருவர் மதுரை சின்னப்பிள்ளை. விவசாயக் கூலி வேலை செய்தவர். களஞ்சியம் சிறுசேமிப்புக் குழுக்கள் வழியாக ஏராளமான பெண்களைக் கந்துவட்டிப் பிடியிலிருந்து வெளியே கொண்டுவந்தவர். அடுத்த ஆண்டு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனுக்குப் பத்ம பூஷண். 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு கீழத்தஞ்சைக்குப் போய், நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத் தருவதையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்டவர் அவர். அதே 2020-இல் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் ராமகிருஷ்ணனுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்காகச் செய்த பணிக்குப் பத்மஸ்ரீ.

படிக்கும்போதே மனம் நிறைகிற பெயர்கள். நம் நாட்டில் சமூகப் பணிக்கு நல்ல அங்கீகாரம் இருக்கிறது என்று இதைப் பார்த்து ஒருவர் நினைத்தால், அது பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அரசு தரும் அங்கீகாரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு மனிதர் செய்த நல்ல காரியத்துக்காக அவரைப் பாராட்டுவது. பத்ம விருது, மகளிர் தினத்தில் தமிழக அரசு வழங்கும் அவ்வையார் விருது, சுதந்திர தினத்தில் தரும் சிறந்த சமூக சேவகர் விருது எல்லாம் இந்த வகை. இன்னொன்று, ஒரு வேலையைத் தொழிலாக ஏற்பது. அதாவது, இந்த வேலையைச் செய்ய இன்ன படிப்பும் பயிற்சியும் வேண்டும், செய்பவர்கள் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும், தப்பு செய்தால் விசாரிக்க ஒரு மன்றம் இருக்கும் என்று சட்டம் போட்டுச் சொல்வது. மருத்துவருக்கு, வழக்கறிஞருக்கு, செவிலியருக்கு, மருந்தாளுநருக்கு இப்படி ஒரு மன்றம் இருக்கிறது. சமூகப் பணியாளர்கள் எல்லோருக்கும் பொதுவாக, நாடு முழுவதற்குமான மன்றம் எதுவும் கிடையாது.

இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விஷயம். பத்ம விருது பெற்றவர் அதைத் தன் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டம் போலப் போட்டுக்கொள்ளக் கூடாது. 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விருது என்பது நன்றி; அது எந்த அதிகாரத்தையும் பொறுப்பையும் தருவதில்லை. இங்கிலாந்தில் நிலைமை நேர் எதிர். 2005 ஏப்ரல் 1 முதல் அங்கே பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர், மற்றவர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு தன்னைச் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொண்டால் அது குற்றம். அங்கே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதோடு ஒரு சட்டப் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

சரி, நல்லது செய்வதற்கு எதற்குப் பதிவேடு, மன்றம் எல்லாம்? மனசு இருந்தால் போதாதா? இந்தத் துறையைப் பற்றிப் பேசும்போது முதலில் வரும் கேள்வி இதுதான். பதில் சொல்ல, அந்த வேலை நடக்கும் ஓர் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் நல்லது.

16 வயதுப் பையன் ஒருவன் செல்போன் திருடியதாகப் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனை, சிறார் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோகிறார்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, அவன் முதலில் முன்னிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் ஒரு சமூக விசாரணை அறிக்கை குழுமத்துக்கு வர வேண்டும். நன்னடத்தை அலுவலர் அதைத் தயாரிப்பார். அவர் இல்லாத இடத்தில் குழந்தை நல அலுவலரோ சமூகப் பணியாளரோ தயாரிக்கலாம். பையன் ஏன் அந்த நிலைக்கு வந்தான், வீடு எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, கூட்டாளிகள் யார், இனி அவனுக்கு என்ன செய்தால் சரியாக வரும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பையனின் அடுத்த சில வருடங்களைத் தீர்மானிப்பதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது அறிக்கை எழுதப் போகிறவர் அந்தத் தெருவுக்குள் நுழைகிறார். முதல் சிக்கல், வீடு எது என்று யாரிடமாவது கேட்க வேண்டும். எந்த விஷயமாக வந்தோம் என்பது அக்கம்பக்கத்தில் தெரியக் கூடாது. தெரிந்தால் பையன் திரும்பி வரும்போது அவன் பெயரே திருடன் என்று ஆகியிருக்கும். வீட்டுக்குள் போனால் அம்மா அழுகிறார், அப்பா கத்துகிறார், பாட்டி வேறு கதை சொல்கிறார். யாரைத் தனியாகப் பேச வைப்பது, எதை இன்று கேட்பது, எதை அடுத்த முறைக்கு விடுவது என்று அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். பள்ளிக்குப் போனால் வகுப்பாசிரியர், “அவன் ஒழுங்கா வரவே மாட்டான் சார்” என்பார். வராத நாட்களை வருகைப் பதிவேட்டில் பார்த்தால், எல்லாம் திங்கள்கிழமைகளாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்ற வேண்டும். அந்தக் கேள்வி தானாக வராது; பயிற்சி அதைக் கற்றுக்கொடுக்கிறது.

அப்புறம் எழுதும் விதம். ‘தாய்க்குப் பிள்ளை மீது அக்கறை இல்லை’ என்று ஒருவர் எழுதுவார். ‘தாய் காலை 5 மணிக்கு வேலைக்குப் போய் இரவு 9 மணிக்கு வருகிறார், அதுவரை பையனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை’ என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே வீடு. முதல் வாக்கியத்தைப் படிக்கும் குழுமத்துக்கு, பையனை வீட்டுக்கு அனுப்ப மனம் வராது. இரண்டாவதைப் படித்தால் மாலை நேரத்துக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று யோசிக்கும். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தன் கருத்தையும் பிரித்து எழுதுவது பெரிய திறமை. எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுநிலைப் படிப்பின் மாணவர்கள் படிக்கும் காலம் முழுவதும் ஃபீல்டு ஒர்க் போய்விட்டு வந்து அறிக்கை எழுதுவதும், மேற்பார்வையாளர் அதைத் திருத்தித் திருப்பித் தருவதும் இதற்காகத்தான்.

ஒரு குடும்பத்தின் மிக அந்தரங்கமான விஷயங்களுக்குள் போகவும், அதை வைத்து ஒரு குழந்தையின் வாழ்க்கையைப் பற்றிப் பரிந்துரை செய்யவும் இந்த வேலையில் இருப்பவருக்கு வாய்ப்பு கிடைக்கிறது. அந்த வாய்ப்பை அவர் தவறாகப் பயன்படுத்தினால் அந்த அம்மா யாரிடம் போய் முறையிடுவார்? தொழில் அங்கீகாரத்தின் முழு அர்த்தமும் இந்தக் கேள்வியில் இருக்கிறது என்பது என் கருத்து. சமூகப் பணியாளருக்குக் கௌரவம் கிடைக்கிறதா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். விருது பணியாளரைக் கௌரவிக்கிறது. பதிவேடும் மன்றமும் முதலில் காப்பாற்றுவது, உதவி தேடி வந்தவரை.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்கான படிப்பு புதிதல்ல. 1936-இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாடா பெயரில் ஒரு சமூகப் பணிப் பள்ளி தொடங்கியது. கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் என்ற அமெரிக்கர் அதன் முதல் இயக்குநர். அதுதான் பிற்பாடு டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆனது. சென்னையில் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது. எழும்பூரில் இன்றும் இயங்குகிறது. அதைத் தொடங்கியவர் மேரி கிளப்வாலா ஜாதவ். ஊட்டியில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு 1955-இல் பத்மஸ்ரீ, 1968-இல் பத்ம பூஷண், 1975-இல் பத்ம விபூஷண் என்று மூன்று விருதுகளும் கிடைத்தன. ஒரு தனி மனிதராக அரசிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டை வாங்குவது கடினம். அவரே தொண்டு உள்ளம் மட்டும் போதாது, முறையாகப் படித்துப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்று ஒரு கல்லூரியைத் தொடங்கியிருக்கிறார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவருக்கு விருது கொடுத்த நாடு, அவர் கல்லூரியில் படித்து வெளியே வந்தவர்களின் தொழிலுக்கு ஒரு முழுமையான சட்டம் இன்னும் கொடுக்கவில்லை. தேசிய அளவில் ஒரு மன்றம் வேண்டும் என்று 1990-களிலேயே சட்ட வரைவு எழுதப்பட்டது. அது சட்டமாகவில்லை.

சட்டமே இல்லை என்று சொன்னால் அதுவும் தவறு. அங்கங்கே துண்டு துண்டாக இருக்கிறது.

பழைய துண்டு தொழிற்சாலையில். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 49-ஆவது பிரிவில், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. பல்லாண்டுகளாக எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்கள் கோவை, சென்னை ஆலைகளுக்கு வேலைக்குப் போன வழி இது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது.

மனநலத் துறையில் இருப்பது கொஞ்சம் கெட்டியான துண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப் பணியாளர் யார் என்று வரையறுக்கிறது. சமூகப் பணியில் முதுநிலைப் பட்டம், அதற்கு மேல் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டு வருட எம்.ஃபில். இப்படிப்பட்டவர்களை மாநில மனநல ஆணையம் பதிவு செய்து, பட்டியலைப் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பதிவேடு, தகுதி, பொதுவெளியில் பட்டியல் மூன்றும் இருப்பதால், உண்மையான தொழில் அங்கீகாரத்துக்கு நம் நாட்டில் மிக அருகில் வரும் இடம் இதுதான். இதிலும் ஒரு சங்கடம் முளைத்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. சட்டத்தின் வரையறை அந்தப் பட்டத்தை நம்பி நிற்பதால், இந்தப் படிப்புக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு தொழிலுக்கென்று சொந்த மன்றம் இல்லாவிட்டால் அதன் தகுதி பற்றிய முடிவுகள் எங்கெங்கோ எடுக்கப்படும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், தன் அட்டவணையில் மருத்துவச் சமூகப் பணியாளர்களையும் மனநலச் சமூகப் பணியாளர்களையும் சேர்த்திருக்கிறது. நல்ல அடி. ஆனால் அது சுகாதாரத் துறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். பள்ளியில், குழந்தைகள் இல்லத்தில், மீனவர் குப்பத்தில், முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

இனி நான் மேலே சொன்ன இளைஞர் நீதிச் சட்டத்துக்கே திரும்பி வருகிறேன். அங்கே இருப்பது ஆச்சரியமான துண்டு. இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்கார வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு நிகரான ஓர் அமைப்பில் சமூகப் பணியாளருக்கு நாற்காலி! அந்த நாற்காலிக்கான தகுதியைப் படியுங்கள். குழந்தைகள் தொடர்பான சுகாதார, கல்வி, நலப் பணிகளில் ஏழு ஆண்டு ஈடுபட்டிருக்க வேண்டும், அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். சமூகப் பணியாளருக்கான இடத்தின் பட்டப் பட்டியலில் சமூகப் பணிப் பட்டம் இல்லை. அதே சட்டத்தின் கீழ், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு என்று இன்னொன்று உண்டு; அதன் தகுதிப் பட்டியலில் சமூகப் பணிப் பட்டமும் இருக்கிறது. ஒரே சட்டம், இரண்டு குழுக்கள், இரண்டு விதமான பார்வை. சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்வதைவிட, இந்தத் தொழில் எது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஓர் அதிகாரபூர்வமான குரல் இல்லையே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் அந்தக் குரல் எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம். அங்கே முதலில் அடித்தளம் போட்டது 2000-ஆம் ஆண்டின் பராமரிப்புத் தரச் சட்டம். இப்போது பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது சோஷியல் ஒர்க் இங்கிலாந்து என்ற அமைப்பு. 2019 டிசம்பர் 2 அன்று பொறுப்பேற்றது. பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்த ஆண்டில் தொழிலைப் பற்றிப் புதிதாக என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று காட்டினால்தான் புதுப்பிக்க முடியும். பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பெயரைத் தட்டி, வீட்டுக்கு வந்தவர் பதிவு பெற்றவரா, அவர் மேல் நிபந்தனை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். புகார் வந்தால் விசாரிப்பார்கள். தவறு நிரூபணமானால் எச்சரிக்கையிலிருந்து பதிவேட்டில் பெயரை நீக்குவது வரை போகும். இத்தனைக்குப் பிறகும் அங்கே தவறுகள் நடக்காமல் இல்லை. ஆனால் நடந்தால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது.

உலக சமூகப் பணி நாள் என்று மார்ச் மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமையைப் பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் 1984 முதல் மார்ச் மாதம் முழுவதுமே இவர்களுக்கான மாதம். இந்தியாவில் தொழில்முறைச் சமூகப் பணியாளர்களின் சங்கம் ஆகஸ்ட் 15 முதல் ஒரு வாரத்தைக் கடைப்பிடிக்கிறது. கல்லூரிகளில் கருத்தரங்கு, ஊர்வலம், தெருக்கூத்து எல்லாம் நடக்கும். மாணவர்களுக்கு அது உற்சாகம் தருகிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் செய்யும் வேலையை நாட்கள் செய்யாது.

பதிவேடும் மன்றமும் வேண்டும் என்பதற்கு எதிர்ப்புகளும் உண்டு. அவற்றில் இரண்டு கனமானவை.

பதிவேடு வந்தால் சின்னப்பிள்ளை போன்றவர்கள் என்ன ஆவார்கள் என்பது முதலாவது. பட்டம் இல்லை என்பதால் அவர் ஒதுக்கப்படுவாரா? இது நியாயமான பயம். கிராமங்களில் பெண்களைத் திரட்டியதிலும் கொத்தடிமைகளை மீட்டதிலும் பெரும் பங்கு படிக்காதவர்களுடையது, அல்லது வேறு ஏதோ படித்துவிட்டு வந்தவர்களுடையது. ஆனால் பதிவுச் சட்டம் தொண்டு செய்வதைத் தடுக்காது. குறிப்பிட்ட சில வேலைகளுக்கு, அதாவது குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பது பற்றிப் பரிந்துரைப்பது, மருத்துவமனையில் நோயாளியின் குடும்ப வரலாறு எடுப்பது போன்றவற்றுக்கு மட்டும் பதிவு வேண்டும் என்று வைக்கலாம். நீண்ட கள அனுபவம் உள்ளவர்களைத் தொடக்கத்தில் அனுபவத்தின் பேரிலேயே பதிவேட்டில் சேர்ப்பதற்கும் வழி செய்யலாம். சங்கம் கட்டுவதற்கோ சேமிப்புக் குழு தொடங்குவதற்கோ யாருடைய உரிமமும் தேவைப்படக் கூடாது.

இரண்டாவது எதிர்ப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். சமூகப் பணி என்பது பல நேரங்களில் அரசை எதிர்த்துக் கேள்வி கேட்கும் வேலை. கிருஷ்ணம்மாள் செய்தது அதுதானே. உங்கள் பதிவு அரசின் கையில் இருந்தால், நில ஆக்கிரமிப்பு பற்றியோ காவல் நிலைய மரணம் பற்றியோ குரல் கொடுக்கும்போது அந்தப் பதிவே மிரட்டலாக மாறலாம். இது வெறும் கற்பனை இல்லை. எந்தத் தொழில் மன்றத்திலும் அரசின் தலையீடு வரக்கூடும். அதனால் மன்றத்தின் அமைப்பு எப்படி என்பது மன்றம் வேண்டுமா என்பதற்கு இணையான கேள்வி. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தொழிலில் இருப்பவர்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். சேவை பெற்றவர்களும், உதாரணமாக இல்லங்களில் வளர்ந்து பெரியவர்களானவர்களும், அதில் உட்கார வேண்டும். மக்கள் உரிமைக்காகப் பேசுவது தொழில் கடமை என்று நடத்தை விதிகளிலேயே எழுதிவிட வேண்டும். 2014-இல் சர்வதேசச் சமூகப் பணியாளர் கூட்டமைப்பு ஏற்ற வரையறையிலேயே சமூக நீதியும் மனித உரிமையும் இந்தத் தொழிலின் மையம் என்று இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பதிவுக் கட்டணம் என்று ஒரு சின்னச் சிக்கலும் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் இருப்பவர்களில் பலர் தொகுப்பூதியத்தில், ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறார்கள். அவர்கள் மேல் இன்னொரு செலவை ஏற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொழில் என்று சட்டம் ஏற்றுக்கொண்டால், குறைந்தபட்சச் சம்பளம் பற்றியும் ஒருவர் எத்தனை வழக்குகள்வரை பார்க்கலாம் என்பது பற்றியும் பேசுவதற்கு அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். இன்று அந்தப் பேச்சைத் தொடங்கவே ஓர் அமைப்பு இல்லை.

சட்டம் வரும்வரை ஒரு குடும்பம் என்ன செய்யலாம்? வீட்டில் யாருக்காவது மனநலச் சிகிச்சை நடக்கிறது, மருத்துவமனையில் சமூகப் பணியாளர் ஒருவர் உங்களிடம் பேச வருகிறார் என்றால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று தயங்காமல் கேட்கலாம். மற்ற இடங்களில் எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார், நாம் சொல்வதை எழுதி வைத்தால் அதை யார் யார் படிப்பார்கள் என்று கேளுங்கள். நன்றாகப் பயிற்சி பெற்றவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். நீங்கள் கேட்பதற்கு முன்பே அவரே சொல்லிவிடுவார். ஒரு குழந்தைக்குத் தீங்கு நடந்ததாகத் தெரிந்தால், செய்தவர் யாராக இருந்தாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம். பணியாளரின் நடத்தை பற்றிய மற்றப் புகார்களை, இப்போதைக்கு, அவரை வேலைக்கு வைத்த நிறுவனத்திடமோ அந்தத் துறையின் மாவட்ட அலுவலரிடமோதான் எழுத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.